பிக்கப்பும் வேணும், பெட்ரோலும் மிஞ்சணும்: சிங்கப்பூரில் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

முதல் காரை வாங்கிச் சில மாதம் ஓட்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு குறைகளில் ஒன்றாவது வந்துவிடும். "எக்ஸ்பிரஸ்வேயில் ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்பது ஒன்று. "பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்குது" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இரண்டும் சேர்ந்து வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், அதைச் சரிசெய்யவும் முடியும்.

இழுவையைக் கூட்டினால் மைலேஜ் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். பந்தயக் காருக்கு அது சரி. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேக்கா சந்தைக்கும் போய்வருகிற காருக்குப் பொருந்தாது. ஆலையிலிருந்து வந்தபோது அந்த வண்டிக்கு இருந்த சக்தியில் ஒரு பங்கு டயரிலும் சூட்டிலும் எடையிலும் அழுக்கிலும் கரைந்துகொண்டிருக்கிறது. அதை மீட்டால் பிக்கப்பும் கூடும், பெட்ரோலும் மிஞ்சும். வெளியிலிருந்து புதிதாகச் சக்தி சேர்ப்பது கடைசி வேலை, பலருக்குத் தேவையே படாத வேலை.

இன்னொன்றும் முதலிலேயே தெளிவாகட்டும். இந்தத் தீவில் எந்த விரைவுச்சாலையிலும் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதி இல்லை. 200இல் பறக்கும் சக்தி இங்கே யாருக்கும் பயன்படாது. நமக்கு வேண்டியது சிக்னலில் இருந்து 60 வரை தயங்காமல் எழும்புவது, விரைவுச்சாலையில் சேரும்போது பின்னால் வரும் லாரிக்கு முன்னால் நம்பிக்கையோடு நுழைவது, மழையில் பிரேக் பிடித்தால் நேராக நிற்பது. 'நல்லா ஓடுது' என்று நான் சொல்வதெல்லாம் இந்த மூன்றைத்தான்.

முதல் படி: அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் வண்டி இப்போது என்ன தருகிறது என்று தெரிய வேண்டும். டாஷ்போர்டில் தெரியும் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். பல கார்களில் அது உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். டேங்க்கை நிரப்புங்கள், பம்ப் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்துங்கள், டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறையும் அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை ரசீதில் உள்ள லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும். ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று நான்கு டேங்க் சராசரிதான் பேசும், ஏனென்றால் ஒரு வாரப் பள்ளி விடுமுறை கூடக் கணக்கை மாற்றிவிடும்.

இந்தக் கணக்கு இன்னொரு வகையிலும் கைகொடுக்கும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைக்கிறது, பெட்ரோல் லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,250 லிட்டர், 3,500 வெள்ளி. இதில் 5 விழுக்காடு மிச்சம் பிடித்தால் 175 வெள்ளி. யாராவது 500 வெள்ளிக்கு ஒரு பொருளை நீட்டி "5 பர்சென்ட் சேவ் ஆகும் பாஸ்" என்றால், போட்ட காசு திரும்பவே ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். அதுவும் அவர் சொல்வது உண்மையாக இருந்தால்.

கையோடு காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் புளூடூத் வழியாகத் தொலைபேசியில் இஞ்சின் விவரம் எல்லாம் தெரியும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், விலையும் குறைவு. அதில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். ஒன்று கூலன்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலை. இஞ்சின் சூடேறிய பின் பெரும்பாலான கார்களில் 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்கும். விரைவுச்சாலையில் போகும்போது 70இலேயே தங்கிவிட்டால் அந்தத் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று லாங் டெர்ம் ஃபியூல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவருகிறது என்பது. பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறி நின்றால் எங்கேயோ காற்றுக் கசிகிறது, அல்லது காற்றளவு சென்சாரில் அழுக்கு. பட்டறைக்குப் போய் "என்னமோ சரியில்ல அங்கிள்" என்பதற்கும் "ஃபியூல் டிரிம் 14இல் நிக்குது" என்பதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

இரண்டாம் படி: டயர்

இங்கேதான் நான் அதிகம் நிற்கப் போகிறேன். மொத்த வண்டியும் தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அகலத்தில். பிக்கப், பிரேக், மைலேஜ் மூன்றும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

காற்றில் தொடங்குங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்குரிய காற்றழுத்தம் அதில் இருக்கிறது, ஆள் நிறைய இருக்கும்போது எவ்வளவு என்பதும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்சம், அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. ஸ்டிக்கரில் உள்ள எண் ஆறிய டயருக்கு. ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடவே காட்டும். ஆகவே ஞாயிறு காலை, வீட்டுக்கு மிக அருகில் உள்ள பெட்ரோல் நிலையத்தில் பார்ப்பது நல்லது. இங்குள்ள நிலையங்களில் டிஜிட்டல் பம்ப் இருக்கும், வேண்டிய அளவை வைத்தால் தானே நிரப்பிப் 'பீப்' அடிக்கும். மாதம் ஒருமுறை போதும்.

இதனால் எவ்வளவு மிஞ்சும்? அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும். எட்டு பிஎஸ்ஐ குறைந்த டயரோடு ஓடும் கார்கள் வீவக கார் நிறுத்தத்தில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் போகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் காற்று குறைந்த டயர் வளைவில் நெளியும், ஓரத்தில் தேயும், மழையில் தண்ணீரை ஒதுக்கத் திணறும். அதே காரணத்தால் மைலேஜுக்காக ஸ்டிக்கரைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூட்டி அடிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், ஈரச் சாலையில் பிரேக் தூரம் நீளும். மிஞ்சிய பெட்ரோல் காசு முன்னால் போகிறவரின் பம்பருக்குப் போய்விடும்.

டயர் மாற்றும் நேரம் வரும்போதுதான் உண்மையான முடிவு. சட்டப்படி டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, ஆனால் நவம்பர், டிசம்பர் மழையைப் பார்த்தவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். 3 மில்லிமீட்டரில் மாற்றுவது புத்திசாலித்தனம். மிச்செலின் எனர்ஜி, பிரிட்ஜ்ஸ்டோன் இகோப்பியா, யோகோஹாமா புளூஎர்த் போன்றவை உருளும்போது டயர் தரும் தடையைக் குறைத்துச் செய்த டயர்கள். தினசரி வண்டிக்கு இந்த வகை பொருத்தம். ஸ்போர்ட்ஸ் டயர் பிடிமானம் தரும், ஆனால் இஞ்சினுக்குச் சுமை கூடும், சத்தமும் கூடும், சீக்கிரம் தேயவும் செய்யும். மிக மலிவான சிக்கன டயர்களில் ஈரப்பிடிமானம் குறைவாக இருக்கலாம். ஐரோப்பிய டயர் லேபிள் ஒட்டியிருந்தால் எரிபொருளுக்கும் ஈரப்பிடிமானத்துக்கும் ஏ முதல் இ வரை தரம் போட்டிருப்பார்கள், இரண்டையும் பாருங்கள். வாங்குவதற்கு முன் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடையில் மூன்று ஆண்டு கிடந்த டயரைப் புது டயர் விலைக்கு வாங்காதீர்கள்.

அப்புறம் ரிம். புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலர் முதலில் செய்யும் செலவே பெரிய ரிம்தான். 205/55 ஆர்16 டயரை எடுத்துவிட்டு 225/40 ஆர்18 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், 632 மில்லிமீட்டர் 637 ஆகிறது. ஆனால் அகலம் கூடுகிறது, பெரும்பாலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சில கிலோ எடையும் கூடுகிறது. சுழலும் பாகத்தில் கூடும் எடை பூட்டில் கூடும் எடையைவிடக் கெடுதல். அதை முன்னுக்குத் தள்ளவும் வேண்டும், சுற்றவும் வைக்க வேண்டும், பிறகு பிரேக் பிடித்து நிறுத்தவும் வேண்டும். 1.6 லிட்டர் காரில் இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். மாறாக, அதே 16 அங்குலத்தில் எடை குறைந்த ரிம் போட்டால் பிக்கப்பும் கூடும், மைலேஜும் கூடும், பள்ளத்தில் விழும்போது குலுக்கலும் குறையும். மாற்றங்களில் எனக்கு மனதார ஒப்புதல் உள்ளது இது ஒன்றுதான். ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்பதால் ஆட்கள் வாங்குவதில்லை. வாங்கினால் எடை தாங்கும் அளவைப் பாருங்கள், சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே துருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இழுத்துப் பிடிப்பது எது?

கார் சும்மா போகும்போதே ஏதாவது அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தால் எந்த மாற்றமும் பயன் தராது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பலமாகப் பிரேக் பிடிக்காமல் பத்து நிமிடம் ஓட்டி, மெதுவாக வந்து நிறுத்துங்கள். இறங்கி நான்கு ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்றில் வெதுவெதுப்பும் ஒன்றில் மட்டும் அனலும் அடித்தால் அந்தப் பக்கத்து பிரேக் கேலிப்பர் (பிரேக்கைப் பிடித்து விடும் பாகம்) விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிகளில் இது சாதாரணம், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். கேலிப்பரைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பாருங்கள்.

எடை. பூட்டைத் திறந்து பாருங்கள். தீபாவளிக்கு வாங்கிய மடக்கு நாற்காலி, பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் கிடக்கும் தள்ளுவண்டி, பாதி அட்டை மினரல் வாட்டர், தைப்பூசத்துக்கு எடுத்துப்போன குடம். ஏறத்தாழ 45 கிலோ கூடினால் எரிபொருள் 1 விழுக்காடு கூடும் என்பது அமெரிக்கக் கணக்கு. சின்ன வண்டிக்கு இன்னும் கூட. கூரை மேல் பெட்டி இருந்தால் அது எடையைவிட மோசம், காற்றைக் கிழிக்கும்போதுதான் கதை தெரியும். ஜோகூர் போய்வந்ததும் கழற்றி வையுங்கள். உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் வெளியேறும் வண்டியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கவேண்டும் என்ற விதி இருப்பதால் எல்லை தாண்டுபவர்களுக்கு பெட்ரோல் எடையைக் குறைக்கும் வழி இல்லை, அதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம்.

நான்காம் படி: சூடும் ஏர்கானும்

நம் ஊர்க் கார்களின் பெரிய எதிரி இதுதான். அமெரிக்க எரிசக்தித் துறை, கடும் வெயிலில் ஏர்கான் எரிபொருள் சிக்கனத்தை 25 விழுக்காட்டுக்கு மேல்கூடக் குறைக்கலாம் என்கிறது, அதுவும் குறுகிய பயணங்களில். நமக்கோ ஆண்டு முழுக்க வெயில், பயணங்களும் குறுகியவை. ஏர்கான் போடாமல் ஓட்டுங்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் கொடுமைக்காரன் இல்லை. ஏர்கானை இயக்கும் கம்ப்ரஸருக்கு வேலையைக் குறைக்கத்தான் வழி சொல்கிறேன்.

வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் கொதிக்கும் காற்று தானே வெளியேறிவிடும். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்துங்கள். 18இல் வைத்துவிட்டு நடுங்குவதைவிட 24இல் வைப்பது போதும். காற்று வலுவாக வரவில்லை என்றால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். கறுத்துப்போய்க் காய்ந்த இலையும் தூசியுமாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும், ஏர்கானின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் தண்ணீரை மென்மையாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், அதிக அழுத்தம் கூடாது.

வெப்பம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது நல்ல செலவு. ஆனால் முன் கண்ணாடியும் முன்பக்க ஜன்னல்களும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும், பின்னால் உள்ளவை குறைந்தது 25. கறுப்பாக இருந்தால்தான் வெப்பம் தடுக்கும் என்பதில்லை. தெளிவாக இருந்தும் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பவை இருக்கின்றன. மாடிக் கார் நிறுத்தத்தில் மேல்தளம் எப்போதும் காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, கீழே ஒரு சுற்று தேடுங்கள்.

பிள்ளையை அழைக்க வந்து பள்ளிக்கு வெளியே இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு: போக்குவரத்து நெரிசல் போன்ற காரணம் இல்லாமல் நிற்கும் வண்டியில் இஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம், தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். காலையில் இஞ்சினைச் சூடேற்றவும் காத்திருக்க வேண்டாம். இங்கே பனி இல்லை. ஸ்டார்ட் செய்ததும் கிளம்பி, முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பின் இருக்கைக்கு அருகில் இருக்கும். அதன் மேல் பையோ துணியோ கிடந்தாலும், உள்ளே தூசி அடைத்தாலும் பேட்டரி சூடேறும், மைலேஜ் இறங்கும். வீட்டு வேக்குவம் போதும்.

ஐந்தாம் படி: பராமரிப்பு, தேவையானது மட்டும்

சின் மிங், ஊபி, காக்கி புக்கிட், எங்கே போனாலும் எண்ணெய் மாற்ற நிறுத்தியதும் கேள்வி வரும்: "பாஸ், இஞ்சின் ஃப்ளஷ் போடலாமா? இன்ஜெக்டர் கிளீனர்?" முகம் கோணாமல் "இப்போ வேணாம் அங்கிள்" என்று சொல்லப் பழகுங்கள். காசு போகவேண்டிய இடங்கள் வேறு.

இஞ்சின் ஆயில் முக்கியம். 'நம்ம ஊரு சூட்டுக்கு தடிச்ச ஆயில்தான் நல்லது' என்று ஆலோசனை சொல்பவர்கள் நிறைய. ஆயில் சந்திப்பது வெளி வெயிலை அல்ல, இஞ்சினின் சூட்டை. அதைக் கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. கையேட்டில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் போட்டிருந்தால் அதைத்தான் ஊற்றவேண்டும். அதைவிடத் தடித்த 10டபிள்யூ-40 ஊற்றினால் அதைத் தள்ளுவதற்கே இஞ்சின் சக்தியைச் செலவிடும். எண்ணெய் குடிக்கும் வயதான இஞ்சினுக்கு வேறு கணக்கு, அதைப் பட்டறைக்காரரிடம் பேசுங்கள். நின்று நின்று ஓடும் குறுகிய பயணங்கள் 'கடுமையான பயன்பாடு' என்ற கணக்கில் வரும். கையேட்டில் அதற்குத் தனி இடைவெளி போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு சுவையான உண்மை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் நவீன பெட்ரோல் இஞ்சின்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை என்று கண்டார்கள். உள்ளே வரும் காற்றுக்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துக்கொள்கிறது. ஆனால் அடைத்ததை மாற்றினால் ஆக்சிலரேஷன் நேரம் 6 முதல் 11 விழுக்காடு வரை மேம்படலாம். பெட்ரோல் செலவு கூடாமல் பிக்கப் கிடைக்கும் மிக மலிவான வழி இது. கிளிப்பைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒளி தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

ஸ்பார்க் பிளக் இரிடியம் என்றால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும், சாதாரண வகை அதற்கு மிக முன்பே தேயும். இரண்டாம் கை வண்டி வாங்கியிருந்தால் எது போட்டிருக்கிறது என்று கழற்றியே பாருங்கள், விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். ஏறும்போது மட்டும் வண்டி இலேசாகத் திக்கினால் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) ஒன்று போகப்போவதாக இருக்கலாம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இஞ்சின்களில் இன்டேக் வால்வுகளில் கரி சேரும். பெட்ரோலில் கலக்கும் மருந்து அந்த வால்வுகளைத் தொடுவதே இல்லை, ஆகவே பாட்டில் வாங்கி ஊற்றுவதில் பயனில்லை. கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி, அதுவும் அறிகுறி தெரிந்தால் மட்டும்.

சிவிடி (படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும்) கியர்பாக்ஸ் எண்ணெயை மறந்துவிடாதீர்கள். 'வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால், யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். வண்டியின் நிறுவனம் குறிப்பிட்ட எண்ணெயைத் தவிர வேறு வேண்டாம்.

ஆறாம் படி: 95ஆ, 98ஆ?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆக்டேன் எண் என்பது நாக்கிங்கை, அதாவது இஞ்சினுக்குள் பெட்ரோல் தானாகவே வெடிப்பதைத் தாங்கும் திறன், சக்தியின் அளவு அல்ல. பெட்ரோல் மூடியின் உட்புறம் 91 அல்லது 95 என்றிருந்தால், டர்போ (காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத சாதாரண இஞ்சினுக்கு 98 ஊற்றினாலும் வித்தியாசம் தெரியாது. 2021 பிப்ரவரியில் வரி உயர்ந்த பிறகு 98க்கு லிட்டருக்கு 79 காசும், 92க்கும் 95க்கும் 66 காசும் தீர்வை; வரியிலேயே 13 காசு வித்தியாசம், பம்ப் விலையில் அதைவிடக் கூட. டர்போ இஞ்சின், அதிலும் ஐரோப்பிய வண்டி என்றால் நம் வெயிலில் 98 உதவலாம். மூன்று டேங்க் போட்டு முதல் படியில் சொன்ன கணக்கில் சோதியுங்கள், மிச்சம் விலை வித்தியாசத்தை ஈடுகட்டவில்லை என்றால் 95க்கே திரும்புங்கள்.

ஏழாம் படி: கால்

சிக்கனம் என்றால் ஆமை வேகம் என்று அர்த்தமில்லை. மெல்ல மெல்ல ஊர்ந்து 60ஐத் தொடுவதைவிட, சிக்னல் விழுந்ததும் அளவோடு அழுத்தி 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் (இஞ்சினின் நிமிடச் சுழற்சி) விரைவாக வேகம் பிடித்து, பிறகு காலை இலேசாக்குவது நல்லது. உண்மையான வீண் அதற்குப் பிறகு நடக்கிறது: அடுத்த சிவப்பு விளக்கை நோக்கிக் கடைசிவரை அழுத்திப் போய் பிரேக்கில் நிற்பது. நம் சாலைகளில் ஒரு வசதி உண்டு. பக்கத்து நடைபாதையின் பச்சை மனிதனுக்குப் பக்கத்தில் ஓடும் விநாடிக் கணக்கு தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் திசையிலேயே கடக்கும் பாதசாரிக்கு 4, 3, 2 என்று இறங்கினால் உங்கள் பச்சையும் முடியப்போகிறது. காலை எடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இஞ்சின் பெட்ரோலையே நிறுத்திவிடும், வண்டியின் ஓட்டமே இஞ்சினைச் சுற்றும். அதற்காக நியூட்ரலில் போட்டு உருளவிடுபவர்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஐடிலிங்குக்கு, அதாவது இஞ்சின் சும்மா ஓடுவதற்குப் பெட்ரோல் கொடுக்கிறார்கள், அவசரத்தில் வேகம் பிடிக்கவும் முடியாது.

விரைவுச்சாலையில் 90க்குப் பதில் 110இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால். போக்குவரத்துக் காவல்துறையின் கேமராவுக்கு அதற்கு மேலும் காரணம் தேவைப்படாது.

எட்டாம் படி: மாற்றங்கள், கடைசியாக

இவ்வளவும் முடித்த பிறகும் போதவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

முதலில் வாங்கக்கூடாதவை. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், சிகரெட் சாக்கெட்டில் செருகும் 'ஃபியூல் சேவர்', காற்றைச் சுழற்றும் தகடு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறது; மிகச் சிலவே ஏதோ கொஞ்சம் பயன் தந்தன. பெடல் கன்ட்ரோலர் கொஞ்சம் தந்திரமானது: காலின் சிறு அசைவைப் பெரிதாக்கி இஞ்சினுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒரு குதிரைச் சக்திகூடக் கூடாது. உங்கள் காரில் ஸ்போர்ட் மோட் இருந்தால் அதைத்தான் மீண்டும் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

திறந்த கூம்பு ஃபில்டர் அழகாக உறுமும். ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சினால் சக்தி குறையும். சிடிஇ விரைவுச்சாலை நெரிசலில் நிற்கும்போது ஓபிடியில் உள்காற்று வெப்பநிலையைப் பாருங்கள், 60ஐத் தாண்டுவது புரியும். கம்பெனி வைத்த பெட்டி முன்பக்கத்திலிருந்து காற்று எடுப்பது சும்மா இல்லை.

எக்ஸாஸ்ட் மாற்றுவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். எது அனுமதி இல்லாமல் செய்யலாம், எதற்கு அனுமதி வேண்டும், எது கூடவே கூடாது என்பது ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பட்டியலாக இருக்கிறது. பட்டறைக்காரர் "எல்லாரும் போடுறாங்க" என்று சொல்வது அனுமதி ஆகாது. பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு, சில குற்றங்களுக்குச் சிறை வரை போகும்.

டர்போ காருக்கு இசியு ரீமேப், அதாவது இஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றுவது, உண்மையிலேயே டார்க்கை (சுழற்றும் விசையை) கூட்டும், மெதுவாக ஓட்டினால் மைலேஜும் கெடாது. ஆனால் மெதுவாக ஓட்டுவதற்காக யாரும் ரீமேப் செய்வதில்லை. டர்போ இல்லாத 1.6 லிட்டருக்குக் கிடைக்கும் பலன் அற்பம். செய்யும் முன் மூன்று கேள்வி: வாரண்டி போகுமா, காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவித்தீர்களா, கியர்பாக்ஸ் அந்தக் கூடுதல் டார்க்கைத் தாங்குமா. மாற்றத்தைத் தெரிவிக்காமல் விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். சிவிடி வண்டிக்கு மூன்றாவது கேள்வியே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால் அதே காசில் நல்ல பிரேக் பேட் போட்டு, பிரேக் எண்ணெயை மாற்றி, தளர்ந்த ஷாக் அப்சார்பரைப் புதுப்பிப்பேன். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். வண்டி வளைவில் அடக்கமாகத் திரும்பினால் வேகத்தை அவ்வளவு குறைக்க வேண்டியதில்லை, குறைக்காத வேகத்தை மீண்டும் பெட்ரோல் ஊற்றிப் பிடிக்கவும் வேண்டியதில்லை.

ரிம்மோ ஃபில்டர் பெட்டியோ எதை மாற்றினாலும் கழற்றிய அசல் பாகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று ஆண்டு ஆனதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும், வண்டி பரிசோதனைக்குப் போகவேண்டும், அப்போது அசல் பாகம் கைகொடுக்கும். விற்கும்போதும் அசல் பாகம் இருந்தால் பேரம் பேசுவது எளிது. வைக்க இடமில்லை என்பவர்கள் வீட்டின் பொம் ஷெல்டரில் அரிசி மூட்டைக்கு மேலே இடம் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு, அதற்கு ஒன்மோட்டரிங்கில் படிவம் இல்லை.